நூத்துக்கு நூறு: நம்ம பள்ளிக்கூடங்களும் காணாமப் போன ஆடும்

டிஸ்கி: இது மதப் பிரச்சாரப் பதிவு இல்லை. மத எதிர்ப்புப் பதிவும் இல்லை. உள்வீட்டுச் சண்டை. வெளியே இருந்து எட்டிப் பார்க்கிறவங்க தாராளமா பார்க்கலாம். 'பாத்தியா, அவங்களே சொல்லிட்டாங்க'ன்னு கும்மியடிக்க வர்றவங்க மட்டும் வேற திண்ணை பாருங்க ப்ளீஸ் :-)

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் ஊருக்கு ஊர் ஒரு ஃப்ளெக்ஸ் முளைக்கும், பார்த்திருப்பீங்க. மேலே ஒரு மூலையில் இயேசு, தோளில் ஆட்டுக்குட்டியைப் போட்டுக்கிட்டு நிற்பார். இன்னொரு மூலையில் தாளாளர், அவருக்குப் பக்கத்தில் ஹெச்.எம். கீழே ஸ்டாம்ப் சைஸில் பிள்ளைங்க முகம். நடுவில் கொட்டை எழுத்தில் '100% தேர்ச்சி'. அதுக்கும் கீழே எல்லாப் புகழும் ஆண்டவருக்கேன்னு ஒரு வரி.

எனக்கு அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தா வயிறு கலங்கும். ஏன்னா அதுல இல்லாத ஒரு முகம் எனக்குத் தெரியும். அந்த முகத்தை அதுலேர்ந்து எடுத்ததுல என் கையும் உண்டு.

அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல விஷயம் என்னன்னு சொல்லிடுறேன்.

'கலைத்திட்டத்தில் கிறிஸ்தவப் பார்வை'ன்னு யாராவது ஆரம்பிச்சா நம்ம ஆளுங்களுக்கு உடனே ஞாபகம் வர்றது டார்வின்தான். குரங்கிலிருந்து மனுஷன் வந்தானா, அதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லலாமா, இத்யாதி. அது அமெரிக்காவில் நடந்த, இன்னமும் நடந்துக்கிட்டிருக்கிற சண்டை. 1925-ல டென்னஸியில் ஸ்கோப்ஸ்னு ஒரு வாத்தியார் மேல வழக்கு. 2005-ல பென்சில்வேனியாவில் டோவர் வழக்கு. அந்தச் சண்டையை அப்படியே இறக்குமதி பண்ணி, 2023-ல என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமத்தைத் தூக்கினப்போ, 'நல்லதாப் போச்சு'ன்னு சொன்ன விசுவாசிகளை எனக்கே தெரியும். அதே பரிணாமக் கொள்கையை வெறும் ஊகம் இல்லை, அதுக்கும் மேலன்னு 1996-லயே போப் இரண்டாம் ஜான்பால் சொல்லியாச்சுங்கறது அவங்களுக்குத் தெரியல. தெரிஞ்சாலும், 'அவரு ஆர்.சி. ஆச்சே'ன்னுதான் சொல்லியிருப்பாங்க.

என் கேள்வி அது இல்லைங்க. புத்தகத்தில் என்ன அச்சாகியிருக்குங்கறது சென்னையிலோ டெல்லியிலோ முடிவாகுது. நம்ம கையில் என்ன இருக்கு? அதை வச்சு நாம என்ன பண்ணிக்கிட்டிருக்கோம்? என் கேள்வி இதுதான்.

பி.எட். படிச்சவங்களுக்குத் தெரியும். பாடத்திட்டம் வேற, கலைத்திட்டம் வேற. பாடத்திட்டம்ங்கறது எந்தப் பாடத்தில் எத்தனை அத்தியாயம்ங்கற பட்டியல். கலைத்திட்டம்ங்கறது பள்ளிக்கூடம் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கிற மொத்த அனுபவம். டைம்டேபிளில் எந்த பீரியட் இருக்கு, எந்த பீரியட் பேருக்கு மட்டும் இருக்கு. நல்லாச் சொல்லித்தர்ற வாத்தியார் எந்த செக்‌ஷனுக்குப் போறார். பெஞ்சில் யார் பக்கத்தில் யார். ஃபெயிலானவனை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறோம். இது எல்லாமே கலைத்திட்டம்தான். பரீட்சைக்கு எழுதற விடை இல்லைங்க இது. ஒரு பிள்ளை பள்ளியை விட்டுப் போன பிறகு மறக்காம வச்சிருக்கறது இதை மட்டும்தான்.

அப்படிப் பார்த்தா ஒரு கிறிஸ்தவப் பள்ளியோட கிறிஸ்தவம் எங்கே இருக்கு? காலை ஜெபத்துல இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். கிறிஸ்மஸ் குடிலில், ஹெச்.எம். ரூம் சுவரில் மாட்டின வசனத்தில் இருக்குன்னு நினைக்கிறோம். நான் சொல்றேன், அது டைம்டேபிளில் இருக்கு. அங்கே இல்லைன்னா எங்கேயும் இல்லை.

சரி, என் கதைக்கு வர்றேன்.

நான் ஒரு மூணு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தேன். தென் மாவட்டத்தில் ஒரு கிறிஸ்தவ மெட்ரிக் பள்ளி. பேர் வேண்டாம். நான் சொல்லப்போறது அந்த ஒரு பள்ளியில் மட்டும் நடந்ததா இருந்தா இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

2012. நான் ஒன்பதாம் வகுப்பு டி செக்‌ஷனுக்கு வகுப்பாசிரியர். (ஏ செக்‌ஷன்னா யாரு, டி செக்‌ஷன்னா யாருன்னு விளக்கணுமா என்ன?) மார்ச் மாசம் ஹெச்.எம். கூப்பிட்டார். ஒரு லிஸ்ட் கொடுத்தார். பதினோரு பேர். 'இவங்க பத்தாம் வகுப்புக்கு வந்தா நம்ம ரிசல்ட் போயிரும் சார். பெத்தவங்களைக் கூப்பிட்டுப் பேசி டி.சி. கொடுத்துருங்க. பக்குவமா பேசுங்க.'

ஏன் ஒன்பதாம் வகுப்பில்? அதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேத்தக் கூடாதுங்குது. அந்தப் பாதுகாப்பு எட்டோட முடிஞ்சிடும். பத்தில் பரீட்சை. நடுவில் இருக்கறது ஒன்பது. கத்தி இறங்கற இடம் அதுதான்.

பத்து பேரோட அப்பா அம்மா வந்தாங்க, சத்தம் போட்டாங்க, அழுதாங்க, வாங்கிட்டுப் போனாங்க. பதினோராவதா ஒருத்தர் வந்தார். தள்ளுவண்டியில் பழம் விக்கிறவர். சட்டைக் காலரில் வாழைக்கறை. கிறிஸ்தவர் இல்லை. நான் பக்குவமாத்தான் பேசினேன். அவர் கடைசி வரை குறுக்க பேசாம கேட்டார். அப்புறம் சொன்னார்:

"பய மக்குதான் சார், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா வேதக்கார பள்ளிக்கொடம்னா பிள்ளைய கைவிட மாட்டாவன்னு எங்க ஆத்தா சொல்லுவா. அதான் வயித்தக் கட்டி பீஸ் கட்டுனேன்."

என்கிட்ட பதில் இல்லை. டி.சி. கொடுக்கணும்னா பெற்றோர் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கணும், பள்ளிக்கூடமே விரட்டுச்சுன்னு ரெக்கார்டில் இருக்கக்கூடாது இல்லையா. அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அதனால நான் எழுதினேன். 'என் மகனை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புவதால்...'னு என் கையெழுத்தில், அவர் பேரில். அவர் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வாசிச்சேன். 'நான் விரும்பலையே சார்'னார். 'இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி'ன்னேன். கையெழுத்துப் போட்டார்.

டி.சி.யில் காரணம்ங்கற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்'. நடத்தைங்கற இடத்தில் 'நன்று'. நடத்தை நன்றா இருந்த பையனைத்தான் அனுப்பினோம்.

அன்னைக்குக் காலையில் ப்ரேயரில் பேசினவனும் நான்தாங்க. டர்ன்படி என் முறை. பொய்ச்சாட்சி சொல்லக்கூடாதுங்கற கட்டளையைப் பத்தி :-(

அந்த வருஷம் பத்தாம் வகுப்புக்குப் போனவங்க அடுத்த வருஷம் 100% எடுத்தாங்க. ஃப்ளெக்ஸ் வச்சாங்க. தோளில் ஆட்டுக்குட்டியோட இயேசு, நான் முதல்ல சொன்ன அதே படம். அதைப் பார்த்துட்டுத்தான் நான் வேலையை விட்டேன். பெரிய தியாகம்னு நினைக்காதீங்க. வேற வேலை கிடைச்ச பிறகுதான் விட்டேன்.

காணாமப் போன ஆட்டோட கதை ஞாயிறு பள்ளி போன எல்லாருக்கும் தெரியும், போகாதவங்களுக்கும் தெரியும். நூறு ஆடு. ஒண்ணு காணோம். மேய்ப்பன் தொண்ணூத்தொன்பதையும் விட்டுட்டு அந்த ஒண்ணைத் தேடிப் போறான். நம்ம மேய்ப்பர்கள் என்ன பண்றாங்க? நொண்டுற ஆட்டை வேலிக்கு வெளியே தள்ளி வாசலைச் சாத்திட்டு, உள்ளே எண்ணிப் பார்க்கறாங்க. தொண்ணூத்தொன்பதுக்குத் தொண்ணூத்தொன்பது. ஆஹா, நூறு சதவீதம்!

கணக்கு சரிதான். கதைதான் தலைகீழாயிடுச்சு.

அடுத்தது பதினோராம் வகுப்பு. இது ஊரறிஞ்ச ரகசியம். பல தனியார் பள்ளிகளில் பதினொண்ணாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாம, ரெண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே உருப்போட வச்சாங்க. அதுக்குக் கடிவாளம் போடத்தான் தமிழக அரசு 2017-18-லேர்ந்து பதினொண்ணுக்கும் பொதுத்தேர்வு வச்சது. அப்புறம் 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துடுச்சு. பிள்ளைங்க தலையிலிருந்து ஒரு சுமை இறங்கினதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனா இப்ப கேள்வி நம்ம பக்கம் திரும்பி நிக்குது. யாரும் பரீட்சை வைக்காதப்பவும் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒழுங்கா நடத்துவோமா?

கிறிஸ்தவப் பள்ளிகள் இதைப் பண்ணலைன்னு யாராவது நெஞ்சில் கை வச்சுச் சொல்ல முடியுமா? நடத்தாத பாடத்தை நடத்தினதா 'ரெக்கார்ட் ஆஃப் ஒர்க்'கில் எழுதறது, செய்யாத செய்முறைக்கு நோட்டுப் புத்தகம் ரெடி பண்றது, இதையெல்லாம் பார்த்துக்கிட்டு ஒரு பையன் உட்கார்ந்திருக்கான். அவன் அன்னைக்குக் கத்துக்கிட்ட பாடம் இயற்பியல் இல்லை. 'பெரியவங்க பொய் எழுதுவாங்க, அப்புறம் ஜெபம் பண்ணுவாங்க'ங்கற பாடம். இதையும் நாமதான் நடத்தறோம், நல்லாவே நடத்தறோம். அதுல எல்லாருமே பாஸ்.

அடுத்து நீதிபோதனை பீரியட். நம்ம பள்ளிகளோட தனிச்சிறப்புன்னு ப்ராஸ்பெக்டஸில் போடற அயிட்டம். வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு இருக்கும். கிறிஸ்தவப் பிள்ளைங்க ஒரு அறைக்கு வேதபாடத்துக்குப் போவாங்க, ஆர்.சி. பள்ளின்னா ஞானோபதேசத்துக்கு. மத்தவங்க இன்னொரு அறைக்கு நீதிபோதனைக்கு. இப்படிப் பிரிக்கறதுக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கு. அரசு உதவி பெறும் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் சம்மதம் இல்லாம மதபோதனையில் உட்கார வைக்கக்கூடாதுன்னு அரசியல் சட்டத்தோட 28-வது பிரிவு சொல்லுது. சரியான சட்டம். நான் அதுக்கு முழு ஆதரவு.

ஆனா நடக்கறது என்ன? ஜனவரி வரைக்கும் ரெண்டு அறையிலும் ஏதோ நடக்கும். ஜனவரிக்கு அப்புறம் ரெண்டு பீரியடையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிடுவார். திருப்பித் தராத கடன். பத்தாம் வகுப்புன்னா ஜூனிலேயே வாங்கிடுவார். நானே வாங்கியிருக்கேன், நான் கணக்கு வாத்தியார். அன்பு, மன்னிப்பு, நேர்மையெல்லாம் சராசரி, இடைநிலைக்கு இடம் விட்டு ஒதுங்கி நிக்கும். அதைப் பார்க்கற பிள்ளைக்கு எது முக்கியம்னு யாராவது தனியாச் சொல்லித்தரணுமா?

ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. வாரம் பூரா ஒண்ணா உட்கார்ந்து, ஒண்ணா டிபன் பாக்ஸ் திறந்து சாப்பிடற பிள்ளைங்களை, 'நல்லது எது, கெட்டது எது'ன்னு பேசற அந்த நாப்பது நிமிஷத்துக்கு மட்டும் மதம் பார்த்துப் பிரிக்கிறோம். வேதபாடம் வேணுங்கறவங்களுக்கு அதைத் தனியா, சாயங்காலம் வச்சுக்கலாம். ஆனா பொய், பயம், பணம், சாதி, உடம்பு பத்தியெல்லாம் ஒரே அறையில், எல்லாப் பிள்ளைகளும் ஒண்ணா உட்கார்ந்து பேசக்கூடாதா? மூணாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கற முஸ்லிம் பொண்ணு நோன்பு பத்திச் சொல்ல, அதை நாலாவது பெஞ்சு பெந்தெகொஸ்தே பையன் கேட்டா அவன் விசுவாசம் கரைஞ்சா போயிடும்?

இங்கே ஒரு பழைய ஆளை இழுத்துட்டு வர்றேன். சீகன்பால்கு. 1706-ல தரங்கம்பாடியில் வந்து இறங்கின ஜெர்மன்காரர். வந்ததும் என்ன பண்ணினார்? ஒரு தமிழ் வாத்தியாரை வரவழைச்சு, சின்னப் பிள்ளைங்களோட பிள்ளையா தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்து படிச்சார். கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூணையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். 1707-லயே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1713-ல இந்த ஊர் தெய்வங்களைப் பத்தி ஒரு பெரிய புத்தகம் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். ஹாலேயில் இருந்த அவரோட பெரியவங்க, 'உன்னை அனுப்பினது இதைப் பரப்பறதுக்கு இல்லை'ங்கற தோரணையில் அதை ஓரமாத் தூக்கி வச்சுட்டாங்க. 1867-ல தான் அது சென்னையில் அச்சாச்சு.

அவர் மதம் மாத்தத்தான் வந்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா சொல்லிக்கொடுக்க வந்தவர் முதல்ல கத்துக்க உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்காரனோட நீதிநூலை மரியாதையாப் படிச்சார். முந்நூறு வருஷத்துக்கு அப்புறம் நாம பிள்ளைங்களை ரெண்டு அறையா பிரிச்சு வச்சிருக்கோம், அதுவும் கணக்கு வாத்தியார் வர்ற வரைக்கும்.

அந்தக் காலம் பொற்காலம்னு ஜல்லியடிக்க வரலை. அந்த மிஷன்கள் சாதியோட நிறைய சமரசம் பண்ணிச்சு. 1833-ல பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள்ள சாதி வித்தியாசம் கூடாதுன்னு சுற்றறிக்கை விட்டப்போ தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் என்ன எதிர்ப்பு கிளம்புச்சுன்னு படிச்சா இப்பவும் வெக்கமா இருக்கும். ஆனா அவங்க சில நேரம் கலைத்திட்டத்தைச் சரியான கேள்வியிலிருந்து ஆரம்பிச்சாங்க. 'யாருக்கு இதுவரைக்கும் யாருமே சொல்லித்தரலை?'ங்கற கேள்வி.

பாளையங்கோட்டையை எடுத்துக்குங்க. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டுன்னு நாங்க பீத்திக்கற ஊர். 1890-ல ஆஸ்க்வித் அம்மையார் அங்கே பார்வையில்லாத பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆரம்பிச்சாங்க. அதே பத்தாண்டில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாத பிள்ளைகளுக்கு. அந்தப் பிள்ளைங்களால எந்த ரிசல்ட்டும் வரப்போறதில்லைன்னு தெரிஞ்சே ஆரம்பிச்சாங்க. ரெண்டு பள்ளியும் இன்னைக்கும் நடக்குது. நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் பெண் பிள்ளைகளுக்குப் படிப்போட லேஸ் பின்னவும் கத்துக்கொடுத்தாங்க. அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் அந்த வருமானத்தில் தங்களையே விலை கொடுத்து மீட்டுக்கிட்டாங்கன்னு தென் திருவிதாங்கூர் மிஷன் வரலாறு சொல்லுது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிஞ்சதே 1855-ல தான். கைத்தொழில் பீரியட்னு நாம இளக்காரமா பார்க்கறோமே, அது ஒரு பொண்ணோட விடுதலைப் பத்திரமா இருந்திருக்கு.

இன்னைக்கு அதே ஊர்களில், நடக்கச் சிரமப்படற பிள்ளையை, எழுத்து மாறி மாறித் தெரியற பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஒரு அம்மா நம்ம மெட்ரிக் பள்ளி வாசலில் வந்து நிக்கட்டும். 'எங்ககிட்ட அதுக்கு ஃபெசிலிட்டி இல்லைம்மா, ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்களேன்'ங்கற பதில் எவ்வளவு மரியாதையா வரும் தெரியுமா? பக்குவமா பேசுவோம். நமக்குப் பக்குவம் ரொம்ப ஜாஸ்தி.

இப்ப சட்டத்துக்கு வரேன். இது கொஞ்சம் கசக்கும்.

அரசியல் சட்டத்தோட 30-வது பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்கள் அமைச்சு நடத்தற உரிமையைக் கொடுத்திருக்கு. அருமையான உரிமை. அதை எவன் பறிக்க வந்தாலும் நான் முதல் ஆளா எதிர்த்து நிப்பேன். 2014 மே மாசம் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தோட அஞ்சு நீதிபதிகள் அமர்வு, கல்வி உரிமைச் சட்டமே சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. உதவி பெறும் பள்ளி, பெறாத பள்ளி எல்லாத்துக்கும் விலக்கு. அதாவது, தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கற 25 சதவீதம் நமக்குக் கிடையாது. நாம கைதட்டி ஸ்தோத்திரம் பண்ணினோம்.

2021-ல தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ஒரு அறிக்கை விட்டது. சிறுபான்மைப் பள்ளிகளில் படிக்கிறவங்களில் சமூக, பொருளாதார ரீதியா பின்தங்கினவங்க 8.76 சதவீதம்தான்னு சொல்லுச்சு. கிறிஸ்தவப் பள்ளிகளில் படிக்கிறவங்களில் 74 சதவீதம் கிறிஸ்தவர் அல்லாதவங்கன்னும் சொல்லுச்சு. 'அந்த ஆணையத்துக்கு உள்நோக்கம் இருக்கு'ங்கறீங்களா? இருக்கலாம், எனக்கும் சந்தேகம் உண்டு. 74 சதவீதம் மத்தவங்க படிக்கிறது குறையும் இல்லை, பெருமைதான். ஆனா அந்த முதல் எண் தப்புன்னா, நம்ம எண்ணை நாம வெளியிட்டிருக்கலாமே? ஏன் வெளியிடலை? 2025 செப்டம்பரில் ரெண்டு நீதிபதிகள் அமர்வு, பிரமதி தீர்ப்பை மறுபடி பரிசீலிக்கணும்னு தலைமை நீதிபதிக்கு அனுப்பியிருக்கு. இப்ப ஆளாளுக்குப் பதறுறோம்.

பதறுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. அந்த உரிமையை எதுக்கு வாங்கினோம்? யாரும் சேர்த்துக்காத பிள்ளையைச் சேர்த்துக்கற உரிமையா, இல்ல யார் வேணாம்னு நாமே முடிவு பண்ற உரிமையா? ஏழைக்கு இடம் கொடுன்னு சட்டம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத பள்ளிகளா நம்ம பள்ளிகள் இருந்திருக்கணும். 'எங்களுக்கு இந்தச் சட்டம் வேண்டாம், நாங்க ஏற்கெனவே ஐம்பது சதவீதம் கொடுக்கறோம்'னு கோர்ட்ல நிமிர்ந்து நின்னு சொல்லியிருந்தா? அப்படிக் கொடுக்கற பள்ளிகள் கிராமங்களில் இருக்கு, தெரியும். தமிழ் மீடியம், ஓட்டுக் கட்டடம், சம்பளத்துக்கு மேல வேலை பார்க்கற ஆசிரியர்கள். அவங்களை நான் சொல்லலை. அவங்க பேரைச் சொல்லித்தான் நகரத்துப் பள்ளிகள் வழக்கு நடத்துது, அதைத்தான் சொல்றேன்.

இனி வழக்கமா வர்ற சமாதானங்கள்.

'பெத்தவங்க மார்க்தான் கேக்கறாங்க. ரிசல்ட் குறைஞ்சா அட்மிஷன் குறையும். எய்டட் பள்ளின்னா போஸ்ட் சர்ப்ளஸ் ஆயிடும்.' உண்மைதான். வாத்தியார் வேலை போறது சின்ன விஷயம் இல்லை, எனக்கும் தெரியும். ஆனா, பெத்தவங்க கேக்கறதைத்தான் விப்போம்னா அதுக்குப் பேரு கடை. கடை நடத்தறது தப்பில்லை. கடைக்கு மேல சிலுவை எதுக்கு?

'பாடத்திட்டம் அரசாங்கத்தோடது, நம்ம கையில் என்ன இருக்கு?' டைம்டேபிள் யாரோடது? செக்‌ஷன் பிரிக்கறது யாரு? டி.சி. லிஸ்ட் போடறது யாரு? வேலூர் சி.எம்.சி.யில் அரசாங்கம் அங்கீகரிச்ச அதே எம்.பி.பி.எஸ். படிப்புதான். ஆனா படிக்கும்போதே கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க. ஸ்பான்சர்ஷிப்பில் சேர்ந்தவங்க படிச்சு முடிச்சதும் ரெண்டு வருஷம் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்யணும். அதே பாடத்திட்டம், வேற கலைத்திட்டம். மனசிருந்தா முடியுது.

'எல்லாப் பள்ளியும்தான் பண்ணுது, நம்மளை மட்டும் ஏன் சொல்றே?' மத்தவங்க யாரும் ஆட்டுக்குட்டி படத்தை வாசலில் மாட்டலை சார்.

சரி, திட்டினது போதும். என்ன பண்ணலாம்? பெரிய கமிஷன் எல்லாம் வேண்டாம். 1931-லயே லிண்ட்சே கமிஷன் கிறிஸ்தவக் கல்லூரிகளைப் பத்தி தலையணை சைஸில் அறிக்கை கொடுத்தாச்சு. அறிக்கைக்கு நமக்குப் பஞ்சமே இல்லை. ஒரே ஒரு காரியம் கேக்கறேன்.

அடுத்த ஃப்ளெக்ஸில் ரெண்டு எண் போடுங்க. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஆறாம் வகுப்பில் சேர்ந்தவங்க எத்தனை பேர். இந்த வருஷம் பத்தாம் வகுப்பு எழுதினவங்களில் அவங்க எத்தனை பேர். ஊர் மாறிப் போனவங்க இருப்பாங்க, அதையும் தனியாப் போடுங்க. மிச்சம் வர்ற பிள்ளைங்க எங்கே போனாங்கன்னு ஒரு வரி. டயோசிஸ் கவுன்சிலில் எலெக்‌ஷன், நிலம், வாடகைன்னு மணிக்கணக்கா பேசறீங்களே, வருஷத்துக்கு ஒரு தடவை இந்த ரெண்டு எண்ணையும் பள்ளிவாரியா வாசிங்க. 100% எடுத்த பள்ளிக்குக் கேடயம் கொடுக்கறதை நிறுத்திட்டு, ஆறில் வந்த அத்தனை பேரையும் பத்து வரைக்கும் கூட்டிட்டு வந்த பள்ளிக்குக் கொடுங்க, ரிசல்ட் 82 ஆனாலும் சரி. அப்புறம் பாருங்க, நல்ல வாத்தியார் தானா டி செக்‌ஷனுக்குப் போவார்.

இதைப் படிக்கிறவங்களில் பாதிப் பேர் கிறிஸ்தவப் பள்ளியில் படிச்சவங்கதான், எந்த மதமா இருந்தாலும். நன்றியோட பேசுவீங்க, எனக்குத் தெரியும். அந்த நன்றி நியாயமானது. நாம ஃப்ளெக்ஸில் முகம் வந்தவங்க. அடுத்த தடவை அலும்னி மீட்டுக்குப் போனா, கேக் வெட்டறதுக்கு முன்னாடி ஹெச்.எம். கிட்ட அந்த ரெண்டு எண்ணைக் கேளுங்க. பக்குவமாவே கேளுங்க.

அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. 2012-ல பதினாலு வயசு. அவங்க அப்பா வண்டி நிறுத்தற இடத்துல ரெண்டு தடவை போய்ப் பார்த்தேன். வேற ஒருத்தர் நின்னுக்கிட்டிருந்தார். அந்த விண்ணப்பம் மட்டும் என் கையெழுத்தில் எங்கேயோ ஒரு பீரோவில் இருக்கும். பெற்றோர் விருப்பம்னு.

பி.கு: 'நீ பேர் சொல்லாம எழுதறது கோழைத்தனம்'னு திட்டறவங்க திட்டுங்க, ஒத்துக்கறேன். ஆனா நீங்க வாத்தியாரா இருந்தா, உங்க கையெழுத்தில் எத்தனை விண்ணப்பம் இருக்குன்னும் சேர்த்துச் சொல்லிட்டுத் திட்டுங்க.